மாமாவுக்குத் தோன்றியிருக்குமா?

ஒரு பொருளைப் பார்த்ததும் "இதில் என்ன பெரிய கண்டுபிடிப்பு, நானே செய்திருப்பேனே" என்று உங்களுக்குத் தோன்றினால், உங்கள் வாயை அடைப்பதற்காக எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். தம்பு செட்டித் தெருவில் ஒரு காப்புரிமை முகவரின் அலுவலகத்தில் வேலை. மின்னணுவியல் படித்தேன், சட்டம் படிக்கவில்லை. நீதிமன்றத்தில் கறுப்பு அங்கியோடு எழுந்து நிற்பவர் வழக்கறிஞர். அவர் கையில் இருக்கிற, இந்த அமைப்பு ஏன் எவருக்கும் எளிதில் தோன்றியிருக்காது என்று விளக்குகிற பக்கங்கள் மட்டும் என்னுடையவை. சோக் (மின்னோட்டத்தின் ஏற்ற இறக்கத்தைத் தடுக்கும் கம்பிச் சுருள்), டிரான்ஸ்ஃபார்மர், கனெக்டர், சென்சார் என்று கைக்கு அடங்கும் பொருள்கள்தான் பெரும்பாலும் என் மேசைக்கு வரும்.

காப்புரிமை மறுக்கப்பட்டால் மேல்முறையீடு செய்ய மூன்று மாதம் அவகாசம் உண்டு. 2021 ஏப்ரல் வரை அந்த மேல்முறையீடுகள் அறிவுசார் சொத்து மேல்முறையீட்டு வாரியத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. வாரியத்தின் தலைமையகம் சென்னைதான், ஆனால் தேனாம்பேட்டை. வாரியத்தைக் கலைத்ததும் வழக்குகள் உயர் நீதிமன்றங்களுக்கு வந்து சேர்ந்தன. 2023இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அறிவுசார் சொத்துக்கென்று தனிப் பிரிவே வந்துவிட்டது. வடசென்னைக்கு ஒன்று கிடைத்தால் சொல்லிக்கொள்ளாமல் இருக்க முடியாது. கம்ப்யூட்டர் கம்பெனிகள் எல்லாம் தெற்கே பழைய மகாபலிபுரம் சாலையில் போய் உட்கார்ந்துகொண்டாலும், ஒரு மின்சுற்றில் இருப்பது புதுமையா பழசா என்ற சண்டை பாரிமுனையில்தான் நடக்கிறது. வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால் மண்ணடியில் என் அலுவலகம், அடுத்த நிறுத்தம் நீதிமன்றம்.

சண்டை எதைப் பற்றி என்று சொல்லிவிடுகிறேன். நம் காப்புரிமைச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டது. 2005 திருத்தத்துக்குப் பிறகு அதன் 2(1)(ஜேஏ) பிரிவு கேட்பது இது: ஏற்கெனவே இருக்கும் அறிவோடு ஒப்பிட்டால் ஒரு தொழில்நுட்ப முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருக்க வேண்டும், அதனால் அந்தத் துறையில் தேர்ச்சி பெற்ற ஒருவருக்கு அது எளிதில் தோன்றாததாக இருக்க வேண்டும். தெரிந்த கருவிகளை, ஒவ்வொன்றும் தன்பாட்டுக்குப் பழையபடியே இயங்க, வெறுமனே அடுக்கிவைத்தால் அது கண்டுபிடிப்பே இல்லை என்று 3(எஃப்) பிரிவு தனியாக ஒரு கதவைச் சாத்துகிறது.

தேர்ச்சி பெற்ற அந்த ஒருவர் யார் என்பதில்தான் பாதி வழக்கு ஓடும். ஆள் விசித்திரமானவர். உலகத்தில் வெளியான ஆவணம் அத்தனையும் அவருக்குத் தெரியும், ஜப்பானிய மொழியில் வந்தது உட்பட. ஆனால் சொந்தமாக ஒரு யோசனை வராது. வாடகை, கடன், கரண்ட் கட் எதுவும் அவரைத் தொடுவதில்லை. 2007இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கேஎஸ்ஆர் – டெலிஃப்ளெக்ஸ் வழக்கில் அவருக்குக் கொஞ்சம் மூளை வழங்கியது: அவர் சாதாரணப் படைப்பாற்றல் உள்ள மனிதரும்கூட, இயந்திரம் இல்லை என்று நீதிபதி கென்னடி எழுதினார். வழக்கு ஒரு காரின் ஆக்சிலரேட்டர் பெடலைப் பற்றியது. ஓட்டுநரின் உயரத்துக்கு ஏற்றபடி முன்னும் பின்னும் நகர்த்தக்கூடிய பெடல். அது எவ்வளவு அழுத்தப்படுகிறது என்று அளக்கும் மின்னணு சென்சாரை, நகராமல் இருக்கும் அச்சில் பொருத்தியது கண்டுபிடிப்பா என்பது கேள்வி.

இந்தக் கதையை என் தாய்மாமாவிடம் சொன்னேன். மாமா வியாசர்பாடியில் வைண்டிங் பட்டறை வைத்திருக்கிறார். ஸ்டெபிலைசர், யு.பி.எஸ்., வெல்டிங் மெஷின் என்று எதற்குக் காயில் சுற்ற வேண்டுமானாலும் அவரிடம் வருவார்கள். ஐ.டி.ஐ. படிப்பு, அதற்குப் பிறகு கைப்படிப்பு. வார்னிஷ் வாடையும் சூடான எனாமல் கம்பியின் வாடையும் அவர் சட்டையில் நிரந்தரமாகத் தங்கிவிட்டன.

"சென்சாரிலிருந்து ஒயர் வருமா?" என்று கேட்டார்.

"வரும் மாமா."

"பெடல் நகரும்போது ஒயரும் சேர்ந்து நகர்ந்தால் உரசி அறுந்துபோகும். அப்படியென்றால் நகராத இடத்தில்தானே வைப்பார்கள்? இதற்கா உச்ச நீதிமன்றம் வரைக்கும் போனார்கள், பாப்பா?"

அந்தத் தீர்ப்பில் ஒயர் உரசுகிற விஷயம் இருக்கிறது. முந்தைய பெடல் ஒன்றில் ஒயர் உரசித் தேய்ந்ததும், அதைத் தவிர்க்க சென்சாரை அசையாத பகுதியில் வைக்கச் சொன்ன இன்னொரு பழைய காப்புரிமையும் நீதிபதிகளின் கண்ணில் பட்டன. அங்கிருந்து அசையாத அச்சுக்கு வருவதற்குப் பெரிய அறிவு வேண்டாம் என்று ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். மாமா டீ ஆறுவதற்குள் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தார். சட்டம் தேடுகிற அந்தக் கற்பனை மனிதர் வியாசர்பாடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார் என்று எனக்கு ஒரே பெருமை.

அந்தப் பெருமையை உரசிப் பார்ப்பதற்கு அடுத்த வழக்கைச் சொன்னேன். 2014இல் அமெரிக்க ஃபெடரல் சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. காதுகேட்கும் கருவியின் இரண்டு பகுதிகளை இணைக்கும் இடத்தில், கழற்றி மாட்டக்கூடிய, பல பின்கள் கொண்ட மின் இணைப்பு. பிளக்கில் பின் இருப்பது ஊரறிந்த விஷயம், அதற்குத் தனி ஆவணம் எதற்கு என்பது காப்புரிமையை எதிர்த்தவர்களின் வாதம். நீதிமன்றத்தின் பெரும்பான்மை ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கின் மையமான ஓர் அம்சம் முன்பே இருந்தது என்று சொன்னால் அதற்குக் கோப்பில் சான்று இருக்க வேண்டும், பொது அறிவு என்று சொல்லித் தப்பிக்க முடியாது என்றார்கள். நீதிபதி டைக் மட்டும் மாறுபட்டு எழுதினார்.

மாமா கையிலிருந்த பாபினை, கம்பி சுற்றுகிற அந்தக் கூட்டை, கீழே வைத்துவிட்டார். "பிளக்கில் பின் இருக்கும் என்பதற்குச் சாட்சியா?"

சிரிப்பு வரும், ஆனால் அந்தப் பெரும்பான்மையின் பக்கம்தான் நானும். "எல்லோருக்கும் தெரியும்" என்ற இரண்டு சொல்லை அனுமதித்தால், எந்தப் புதுமையையும் அந்த இரண்டு சொல்லைக் கொண்டே கொன்றுவிடலாம். விடையைச் சொன்ன பிறகு விடுகதை சப்பென்று ஆகிவிடுவதைப் போன்றதுதான் இது. விடை தெரிந்தவனிடம் போய் விடுகதை கடினமா என்று கேட்கக் கூடாது. வழக்கு நடக்கும்போது எல்லோருக்கும் விடை தெரிந்திருக்கும். விண்ணப்பத்தை மறுக்கிற அதிகாரி, மேல்முறையீட்டைக் கேட்கிற நீதிபதி, நான், எல்லோரும் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறோம்.

சோக்குகளே நேரடியாக நீதிமன்றம் ஏறியதும் உண்டு. சின்டெக், சிலிசின் என்ற இரண்டு தைவான் கம்பெனிகள் கலிஃபோர்னியாவில் மோதின. காந்தத் தூளுக்குள் கம்பிச் சுருளைப் புதைத்து அழுத்திச் செய்கிற சோக் அது. கடினத்தில் வேறுபட்ட இரண்டு தூள்களைக் கலந்தால், கம்பியின் காப்புப் பூச்சைக் கெடுக்கிற அளவுக்குச் சூடேற்றாமலே கட்டியாக இறுகும் என்பது கண்டுபிடிப்பு. பழைய ஆவணங்களைச் சேர்த்துப் பார்த்தால் இது தோன்றியிருக்குமா என்ற கேள்வியை நடுவர் குழுவிடம் (ஜூரி) விடாமல், தோன்றியிருக்காது என்று விசாரணை நீதிபதியே முடித்துவைத்தார். 2023 அக்டோபரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ரத்து செய்து, அது நடுவர் குழு முடிவு செய்ய வேண்டிய கேள்வி என்று திருப்பி அனுப்பியது. மாமா இதை மட்டும் ரசித்துக் கேட்டார். அவரைப் பொறுத்தவரை தூளை அழுத்திச் செய்வதெல்லாம் பணக்காரன் வேலை.

இனி எங்கள் வழக்கு. அது முடிந்துவிட்டது. கட்சிக்காரர் யார் என்று தெரியாதபடி பொருளின் விவரங்களை மாற்றிச் சொல்கிறேன்.

ஃபெரைட் என்ற பீங்கான் போன்ற காந்தப் பொருளின் மேல் சுற்றிய சோக்கில் நேர்மின்னோட்டம் ஓடினால் அந்தப் பொருள் விரைவில் காந்தத்தால் நிறைந்துபோகும், அதற்கு மேல் வேலை செய்யாது. அதைத் தடுக்க, கம்பிச் சுருளுக்குள் போகும் அதன் நடுக்காலில் ஒரு சின்ன இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளியில் காந்தக் கோடுகள் வெளியே புடைத்துக்கொண்டு வந்து, அருகில் இருக்கும் செம்புக் கம்பியை வெட்டும். வெட்டினால் கம்பிக்குள் சுழல் மின்னோட்டம் உண்டாகி அந்த இடம் மட்டும் சூடாகும். இது பாடப்புத்தக விஷயம். எங்கள் கட்சிக்காரர் பாபினின் வடிவத்தில் ஒரு சிறிய மாற்றம் செய்து அந்தச் சூட்டைக் குறைத்திருந்தார். அதிகாரி இரண்டு பழைய ஆவணங்களை இணைத்துப் பார்த்து, தேர்ச்சி பெற்றவருக்கு இது தோன்றியிருக்கும் என்று விண்ணப்பத்தை மறுத்திருந்தார்.

மேல்முறையீட்டுக் குறிப்பு எழுதுவதற்கு முன்னால் எனக்கு ஒரு யோசனை. விண்ணப்பங்கள் சாதாரணமாக 18 மாதத்தில் வெளியாகிவிடும், ஆகவே மறைக்க எதுவும் இல்லை. இருந்தாலும் வரைபடத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு மாமாவிடம் பிரச்சினையை மட்டும் சொன்னேன். இடைவெளிக்குப் பக்கத்தில் வைண்டிங் கருகுகிறது, நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

முதலில் கம்பியின் கேஜை, அதாவது தடிமனை, மாற்று என்றார். உடனே அவரே தலையை ஆட்டி, தடிக்கம்பி போட்டால் இன்னும் மோசமாகும், மெல்லிய கம்பிகளைச் சேர்த்து முறுக்கிச் சுற்று என்றார். பிறகு ஒரே பெரிய இடைவெளிக்குப் பதில் சின்னச் சின்னதாகப் பல இடைவெளி விடலாம், ஆனால் ஃபெரைட்டை அப்படித் தேய்த்துத் தர ஆள் கிடைக்காது என்றார். மூன்றும் நியாயமான பதில்கள், நூல்களில் இருக்கிற பதில்கள். பாபின் பக்கம் அவர் போகவே இல்லை. நானும் ஜாடை காட்டவில்லை. வாய்க்குள் சிரித்துக்கொண்டேன்: இவ்வளவு காலம் காயில் சுற்றியவருக்கே தோன்றவில்லையே.

அப்புறம் வரைபடத்தை எடுத்துக் காட்டினேன்.

"ஓ, இவ்வளவுதானா!" என்றார். அந்தச் சொல்லை நான் எதிர்பார்த்தேன். அடுத்து வந்ததை எதிர்பார்க்கவில்லை. "இதை நம் பெரியவர் செய்வாரே!"

பெரியவர் என்பது மாமாவுக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், இப்போது இல்லை. டியூப் லைட்டுக்கு எலக்ட்ரானிக் சோக் வந்த புதிதில் பட்டறை பட்டறையாகச் செய்து விற்றார்களே, அப்போது பெரியவரும் சுற்றிக் கொடுத்திருக்கிறார். பாபினின் நடுவில் காப்புக் காகிதத்தை மடித்து ஒரு மேடு கட்டிவிட்டு அதன் மேல் சுற்றுவாராம். ஏன் என்று கேட்டால், "அங்கே கருகும், அதனால் தள்ளி வைக்கிறேன்" என்பாராம். எங்கள் கட்சிக்காரர் வார்ப்பில் செய்ததும் பெரியவர் காகிதத்தில் செய்ததும் முற்றிலும் ஒன்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் உறவு நெருக்கமானது.

இங்கேதான் எனக்குச் சட்டம் சுவையாகிறது. மாமா இதைக் கண்ணால் பார்த்தவர். ஆனாலும் கேட்டபோது அவருக்குத் தோன்றவில்லை. விடையைப் பார்த்த பிறகுதான் நினைவு எழுந்தது. அப்படியானால் அது தோன்றக்கூடியதா, தோன்றாததா? பெரியவருக்குத் தோன்றியது, பக்கத்தில் நின்ற மாணவருக்கே ஒட்டவில்லை. இதைவிட நல்ல சோதனையை எந்த நீதிமன்றமும் நடத்தியதில்லை என்பேன், நடத்தியது நான் என்பதற்காகச் சொல்லவில்லை.

அலுவலகத்தில் பெரிய முகவரிடம் இதைச் சொன்னேன். மறைத்துவைக்க மனம் வரவில்லை. அவர் கேட்டவை: எந்த ஆண்டு, யாருக்கு விற்றார், பில் உண்டா, ஒரு சோக்காவது மிச்சம் இருக்கிறதா? எதற்கும் என்னிடம் பதில் இல்லை. "சாட்சியம் இல்லாத நினைவை நான் எங்கே தாக்கல் செய்வது?" என்று கண்ணாடியைக் கழற்றிவிட்டார். அவர் சொன்னது சட்டப்படி சரி.

நம் சட்டம் இந்த இடத்தில் பட்டறைக்காரர்களுக்குத் தாராளமாகவே இருக்கிறது. ஒரு காப்புரிமையை எதிர்க்கும்போது, அச்சில் வந்த ஆவணங்களை மட்டும் காட்ட வேண்டும் என்பதில்லை. விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (புதுமையைக் கணக்கிடும் தேதிக்கு) முன்னால் இந்தியாவில் பயன்பாட்டில் இருந்ததை வைத்தும் இது எளிதில் தோன்றக்கூடியது என்று சொல்லலாம். 25(1)(இ) பிரிவில் அது தெளிவாக இருக்கிறது. நம் உச்ச நீதிமன்றம் 1978இல் விஸ்வநாத் பிரசாத் வழக்கில் தொட்டதும் பட்டறையைத்தான். பாத்திரங்களைக் கடைசலில் பிடித்துச் சுற்றவிடும் கருவிக்கு வாங்கிய, 1951ஆம் ஆண்டுத் தேதியிட்ட காப்புரிமை அது. வெறும் பட்டறை அளவு மேம்பாட்டுக்குக் காப்புரிமை கிடையாது, அதைவிடக் கூடுதலாக ஏதாவது வேண்டும் என்று சொல்லி அதை நிற்கவிடவில்லை. ஆக, பட்டறை சட்டத்தின் கண்ணில் படாமல் இல்லை. பட்டறை தன்னைப் பற்றி ஒரு துண்டுக் காகிதமும் வைத்துக்கொள்வதில்லை, அவ்வளவுதான். கருகின காயிலை அறுத்து, செம்பைத் தனியாகப் பிரித்து, கிலோ கணக்கில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். பெரியவர் கட்டிய காகித மேடு முதலில் குப்பைக்குப் போயிருக்கும்.

மாமாவிடம் நோட்டுகள் இருக்கின்றன. கோர் அளவு, சுற்று எண்ணிக்கை, கேஜ், எத்தனை ஆம்பியர் எல்லாம் பென்சிலில். தேதி மட்டும் இருக்காது. தேதி இருந்தாலும் அலமாரிக்குள் இருக்கும் நோட்டு பொதுமக்கள் அறிவாகிவிடாது. பொருளை விற்ற பில்லும், அந்தப் பொருளுக்குள் என்ன இருந்தது என்று காட்டும் ஒன்றும் சேர்ந்தால்தான் பேச முடியும். அதனால் இப்போதெல்லாம் பட்டறை வைத்திருக்கும் யாரைப் பார்த்தாலும் தொணதொணக்கிறேன்: வார்னிஷில் முக்குவதற்கு முன் ஒரு போட்டோ எடுங்கள், டெலிவரி சலானில் வேலையின் எண்ணைப் போடுங்கள், அதே எண்ணைப் போட்டோவிலும் எழுதுங்கள். சரி சரி என்பார்கள். செய்ய மாட்டார்கள்.

மேல்முறையீட்டில் நாங்கள் எளிமையை ஒளிக்கவில்லை, எளிமையையே முன்னால் வைத்தோம். அதற்கு ஒரு நல்ல தீர்ப்பு கையில் இருந்தது. எம்.சி. ரோட்டில் சட்டை வாங்கினால் விலைச்சீட்டைக் கட்டியிருக்குமே ஒரு மெல்லிய பிளாஸ்டிக் நூல், அதைப் பற்றிய ஏவரி டெனிசன் வழக்கு. அந்த நூல் தொகுப்பில் செய்த ஒரு சின்ன வெட்டுவாய்க்குக் காப்புரிமை மறுக்கப்பட்டது. 2022 நவம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் மறுப்பை நீக்கியது. மாற்றம் எளிமையானது என்பதாலேயே அது தோன்றக்கூடியது ஆகிவிடாது. பழைய ஆவணம் வந்து நீண்ட காலம் யாரும் அதைச் செய்யவில்லை என்றால் அந்தக் காலமும் ஒரு சான்று என்றது. எங்கள் பழைய ஆவணங்களுக்கும் விண்ணப்பத்துக்கும் நடுவே நல்ல நீளமான இடைவெளி இருந்தது. அதே ஆண்டு அதே நீதிமன்றம் இன்னொரு வழக்கில், மறுக்கும் அதிகாரி மூன்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தது: பழைய ஆவணத்தில் என்ன இருக்கிறது, விண்ணப்பத்தில் என்ன இருக்கிறது, முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தேர்ச்சி பெற்றவர் எப்படி வந்து சேர்வார். மூன்றாவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். எங்கள் ஆணையிலும் அந்த "எப்படி" இல்லை.

வழக்கு திரும்ப விசாரணைக்கு அனுப்பப்பட்டது. இந்த மாதிரி மேல்முறையீடுகளில் வெற்றி என்றால் பல சமயம் அதுதான், மீண்டும் ஒருமுறை கேட்கப்படுகிற உரிமை. மறுவிசாரணையில் காப்புரிமை கிடைத்தது. கட்சிக்காரர் இனிப்பு அனுப்பினார். அதில் பாதியை மாமா வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

மாமா மைசூர்பாகைக் கடித்துக்கொண்டே கேட்டார்: "அப்படியென்றால் இனிமேல் பெரியவர் மாதிரி நான் சுற்றினால் என்னைப் பிடிப்பார்களா?"

"போலீஸ் வராது மாமா. வந்தால் சிவில் வழக்கு வரும். அப்படி வந்தாலும், இது இந்தியாவில் முன்பே பொதுவில் பயன்பாட்டில் இருந்தது, அதனால் இந்தக் காப்புரிமையே செல்லாது என்று எதிர்வாதம் வைக்கலாம். 107வது பிரிவு."

"யார் நிரூபிப்பது?"

"நீங்கள்தான்."

கொஞ்சம் யோசித்தார். பெரியவரின் மகன் கொடுங்கையூரில் இருக்கிறான், அவனும் அந்தக் காலத்தில் கூடவே உட்கார்ந்து சுற்றியவன், அவனுக்கு மறந்திருக்காது என்றார். அவனிடம் பழைய சோக் ஒன்றிரண்டு இருந்தாலும் இருக்கும் என்றார். பிறகு முகம் மாறியது.

"கோர்ட்டுக்கு வந்தால் அவனுக்கு ஒரு நாள் கூலி போகுமே, அதை யார் கொடுப்பது?"

"சாட்சியை அழைக்கிறவர்தான் படி கட்ட வேண்டும் மாமா" என்றேன். "அதாவது, அதுவும் நீங்கள்."